ஆற்றங்கரையில் ஜாக்

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன ஒன்றுக்கு அப்போதே பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா கருவியை வாங்கிக்கொண்டாள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் என்ற வீடியோ விளையாட்டில் முதலாவது வெறும் துப்பாக்கிக் கதை, இரண்டாவதற்குத்தான் கதை என்று சொல்லத்தக்க ஆழம் இருக்கிறது என்று நீ ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதிவிட்டாய். நீ விட்டுப்போன பிஎஸ்4 விளையாட்டுக் கருவியில் இரண்டையும் முடித்துவிட்ட ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணிக்கு அதில் மறுப்பு உண்டு, தம்பி. பேச்சில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் விளையாட்டு 2010-இல் வந்தபோது நீ அதைக் கூடத்தில் உட்கார்ந்து ஆடினாய். நான் உனக்குப் பின்னால் செக்ரோல் என்ற கூலிக் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கணக்குப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஆகவே அந்தக் கதையை நான் முதலில் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். 2023-இல் அது பிஎஸ்4-க்கும் வந்ததால் இப்போது முழுமையாக ஆட முடிந்தது. ஆனால் நான் அதை இரண்டாவதை முடித்த பிறகே தொடங்கினேன். 2018-இல் வெளிவந்த இரண்டாவது விளையாட்டு 1899-ஆம் ஆண்டில் நடக்கிறது, முதலாவதோ 1911-இல் நடக்கிறது. பின்னால் பிறந்தது முன்கதை சொல்கிறது என்பதால், காலவரிசைப்படி போவதே முறை என்று நினைத்தேன். அந்த முறையால்தான் என் கருத்து உன் கருத்திலிருந்து மாறியது என்றும் சொல்லலாம்.

முதலாவதன் கதை ஒற்றைப் புரியில் திரித்த கயிறு போன்றது. ஜான் மார்ஸ்டனின் மனைவியையும் மகனையும் அரசாங்க ஆட்கள் பிடித்து வைத்துக்கொண்டு, நீ முன்பு கூடித் திரிந்த கொள்ளைக்காரர்களை நீயே பிடித்துக்கொடு என்கிறார்கள். அவன் போய்க் கேட்கிறான், சுடப்படுகிறான், போனி மெக்ஃபார்லேன் என்ற பண்ணைக்காரப் பெண் 15 டாலர் மருத்துவச் செலவு கொடுத்து அவனைப் பிழைக்க வைக்கிறாள். அந்தக் கடனைத் தீர்க்க அவன் அவளுடைய மாடுகளை ஓட்டுகிறான். அவன் எதைச் செய்தாலும் வீடு திரும்புவதற்காகவே செய்கிறான். இதில் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். மெக்சிகோப் பகுதியில் அவன் காலையில் இராணுவத்துக்கும் மாலையில் கிளர்ச்சிக்காரர்களுக்கும் வேலை செய்கிறான். இரு தரப்பும் அவன் தேடும் ஆட்களைக் காட்டிக்கொடுப்பதாகச் சொல்லுவதே காரணம் என்றாலும், அந்த இரட்டை வேடம் அவன் மனத்தை உறுத்தியதாக எழுதியவர்கள் காட்டவே இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரைக்குத் தலையாட்டிவிட்டு மாலையில் சங்கக் கூட்டத்தில் கைதட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் தெரிந்த சங்கடம்கூட ஜானின் முகத்தில் இல்லை.

ஆனால் அந்தக் கதையின் கடைசிப் பகுதியை நினைத்துப் பார். அந்தக் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் டச் வான் டெர் லிண்ட மலை விளிம்பிலிருந்து விழுந்து சாகிறான். வேலை முடிந்தது, குடும்பம் திரும்பிவிட்டது. வேறு எந்தக் கதையும் அங்கே திரையை மூடியிருக்கும். இதுவோ உன்னை மாடு ஓட்டச் சொல்கிறது, தானியத்தைத் தின்னும் காக்கையைச் சுடச் சொல்கிறது, புத்தகமும் கையுமாக இருக்கிற, அப்பாவிடம் முகம்கொடுத்துப் பேசாத மகனை வேட்டைக்கு அழைத்துப்போகச் சொல்கிறது. உனக்கு அப்போது பொறுமை இல்லை. “இது என்னப்பா, தோட்ட வேலை மாதிரி இருக்கிறது” என்றாய். நான் அந்த இடத்தில்தான் செக்ரோலை மூடி வைத்தேன். தகப்பனும் மகனும் ஒரே கூரையின் கீழ் இருக்கப் பழகும் அந்தச் சலிப்பான நாட்களை ஆடுபவன் தன் கையால் வாழ்ந்திருக்காவிட்டால், பின்னால் வரும் களஞ்சியக் கதவுக்கு ஒரு பொருளும் இருந்திராது. வெளியே துப்பாக்கியோடு காத்திருக்கும் அரசாங்க ஆட்களை ஜான் கதவிடுக்கில் பார்க்கிறான், ஒரு மூச்சு இழுக்கிறான், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறான். நீ மூன்று தடவை அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஆடினாய். உன் கைதான் வேகமாக இல்லை, இன்னும் இரண்டு பேரைச் சுட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நம்பினாய். எத்தனை பேரைச் சுட்டாலும் அவன் பிழைக்க மாட்டான் என்று தெரிந்தபோது நீ அன்று இரவு சாப்பிடவில்லை. வெறும் துப்பாக்கிக் கதைக்காக எவனும் பட்டினி கிடப்பதில்லை.

இரண்டாவதைப் பற்றி நீ சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். முதலாவது ஓடுகிறது, இது உட்காருகிறது. டச்சின் கூட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு முகாமில் சமைத்து, சண்டையிட்டு, பாடி, குடித்து வாழ்கிறார்கள். இதன் நாயகன் ஆர்தர் மார்கன் அவர்களிடையே மெல்ல நடந்தால் காதில் விழுவதெல்லாம் கதையாகவே இருக்கிறது. முகாமில் பொதுப்பணப் பெட்டி ஒன்றும் அதன் பக்கத்தில் யார் எவ்வளவு போட்டார் என்ற பேரேடு ஒன்றும் இருந்தனவே, அவற்றை நீ கவனித்திருக்கமாட்டாய். நான் ஒவ்வொரு முறையும் அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். உழைக்காமல் பேசிக்கொண்டே இருப்பவன் யார் என்பது வசனத்தில் தெரிவதற்கு முன் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

ஆர்தருக்கு ஒரு மகன் இருந்தான் என்பது நினைவிருக்கிறதா? ஐசக். தாயும் பிள்ளையும் கொள்ளைக்காரர் கையில் 10 டாலருக்காக இறந்துபோன செய்தியை அவன் குதிரைமேல் போகும்போது ஒரே ஒரு தடவை சொல்லுகிறான். இசையும் இல்லை, பழைய காட்சியும் இல்லை. அதற்குமேல் அந்தக் கடன் வசூல். கூட்டத்தைச் சேர்ந்த ஸ்ட்ராஸ் வட்டிக்குக் கொடுத்த பணத்தை வாங்கி வரப்போகும் ஆர்தர், தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளி விவசாயியை அவன் மனைவி மகன் கண்முன்னே அடிக்கிறான். அவன் இருமியதில் தெறித்த இரத்தம் ஆர்தரின் முகத்தில் படுகிறது. சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் காத்திருந்த வட்டிக்காரர்களின் ஆட்களை இருபது வருடம் சன்னலுக்கு உள்ளிருந்து பார்த்தவன் நான். என் கையால் எண்ணிக் கொடுத்த கூலி பத்தடி தூரம் போவதற்குள் வேறு கைக்கு மாறுவதையும் பார்த்தவன். அதனால் அந்தக் காட்சியைத் தாண்டி ஆட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பின் வெகுநேரம் கழித்து, செயிண்ட் டெனிஸ் தெருவில் ஆர்தர் மயங்கி விழுந்து, மருத்துவர் சயரோகம் என்று சொல்லும்போது, அந்த நோய் எந்த வாசலில் அவனைப் பிடித்தது என்று நமக்கு விளக்கத் தேவையே இல்லை. வினையை இவ்வளவு சத்தமில்லாமல் முதல் விளையாட்டு காட்டியதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் இதற்கும் குறை உண்டு. உலகம் முழுவதையும் திறந்துவிட்டு, பணி என்று வந்தவுடன் வழியிலிருந்து நாலடி விலகினால் தோல்வி என்று கையில் அடிக்கிறார்கள். குவார்மாத் தீவில் நடப்பதை வெட்டி எறிந்திருந்தாலும் எவரும் தேடியிருக்கமாட்டார்கள். இன்னும் ஒரே ஒரு கொள்ளை, அதற்குப் பிறகு நிம்மதி என்று டச் சொல்வதை அத்தியாயத்துக்கு அத்தியாயம் கேட்டுச் சலித்தேன். அந்தச் சலிப்புதான் ஆர்தருக்கும் வருகிறது என்பதால் அதை மட்டும் மன்னிக்கலாம்.

இப்போது என் மறுப்புக்கு வருகிறேன். இரண்டாவது விளையாட்டின் தொடக்கத்தில் ஆர்தர் ஜானின் மகனான நான்கு வயது ஜாக்கை மீன் பிடிக்க அழைத்துப்போகிறான் அல்லவா? சிறுவனுக்குத் தூண்டில் சலித்துப்போகிறது. அம்மாவுக்குச் சரம் கட்ட ஆற்றங்கரையில் பூப்பறிக்கிறான். அப்போது இரண்டு பேர் வருகிறார்கள். கூட்டத்தைத் தேடி வந்த துப்பறிவாளர்கள். மில்டன் என்பவன் பேசுகிறான். மற்றவன் பின்னால் துப்பாக்கியோடு நிற்கிறான், அவன் பெயர் எட்கர் ராஸ். இரண்டாவதை மட்டும் ஆடியவனுக்கு அவன் பேச்சுக்குத் துணையாக வந்த ஆள். முதலாவதை அறிந்தவனுக்கோ உள்ளங்கை வியர்த்துவிடும். ஏனென்றால் 1911-இல் ஜானைக் கொல்ல வைத்தவன் அவன், 1914-இல் இதே ஜாக் வளர்ந்து வந்து, இன்னோர் ஆற்றங்கரையில் சுட்டுக்கொல்லப்போவதும் அவனையே. அந்தக் காட்சியில் அச்சமூட்டும் வசனத்தை மில்டன் பேசுகிறான், அச்சம் ராஸ் அங்கே நிற்பதிலிருந்து வருகிறது. அந்த அச்சத்துக்கு எட்டு வருடத்துக்கு முன்பே முதல் விளையாட்டு விலை கொடுத்துவிட்டது. நீ ஆழம் என்று சொல்லும் நீர் இரண்டாவதில் இருக்கலாம். கிணற்றை வெட்டியது முதலாவது.

இன்னொன்றும் உண்டு. 1911-இல் ஜான் மார்ஸ்டன் டச்சைப் பற்றிப் பேசுகிறான், பழைய கூட்டாளி பில்லைப் பற்றிப் பேசுகிறான், ஆர்தரைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. 2010-இல் ஆர்தர் என்ற பாத்திரமே எழுதப்படவில்லை, காரணம் அவ்வளவுதான் என்று நீ சிரிப்பாய், எனக்கும் தெரியும். ஆனால் ஆர்தரின் தொப்பியை ஜான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டதையும், ஆர்தர் எழுதி வந்த நாட்குறிப்பில் மிச்சப் பக்கங்களைத் தன் கோணல் படங்களால் நிரப்பியதையும் பார்த்துவிட்டு முதலாவதை ஆடும்போது, அந்தப் பேசாமை எனக்கு எழுத்தாளரின் விடுபடலாகத் தோன்றவில்லை. தன்னைப் பிழைக்க வைத்துவிட்டுச் செத்தவனின் பெயரைத் தன் மகனிடம்கூடச் சொல்லாத ஒருவனாகவே ஜான் தெரிந்தான்.

உனக்கு ஒரு பெரியப்பா இருந்தார், தம்பி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போய், அந்தக் கூலியில் என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். விடியற்காலையில் வெளிக்காட்டுக்குப் போகும் முன் என்னைச் சைக்கிளில் பேருந்து நிற்கும் இடம் வரை கொண்டுவந்து விடுவார். நான் பன்னிரண்டு வயதில் இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் சயரோகத்தால் இறந்தார். சயரோகம் வந்த வீடு என்றால் உன் அத்தைகளைக் கட்டிக்கொள்ள எவரும் வரமாட்டார்கள் என்று பாட்டி அவருடைய படத்தை மாட்டவிடவில்லை, பெயரையும் சொல்லவிடவில்லை. அத்தைகளின் கல்யாணம் முடிந்து எத்தனையோ வருடமாகியும் எனக்கு வாய் வரவில்லை. ஆர்தர் மலைமேல் மூச்சு வாங்கியபடி நின்றபோது நான் கருவியைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டாள், தூசி என்றேன். அடையாளக் கார்டுக்காக எடுத்த அவருடைய சிறிய படம் ஒன்று தகரப் பெட்டியில் இருந்தது. பெரிதாக்கித்தர ஈப்போவில் கொடுத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு வரும்போது நீ முதலாவதை மறுபடி ஆடிப்பார். கருவியில் உனக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறேன். என் சேமிப்பைத் தொட்டுவிடாதே. என் ஆட்டத்தில் ஜாக் வளர்ந்துவிட்டான், தகப்பன் தாய் இருவரின் கல்லறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பிளாக்வாட்டர் ரயில் நிலையத்தில் நிற்கும் அதிகாரியிடம் போய் ராஸ் எங்கே என்று அவன் கேட்டால்தான் கதை முடியும். ஆனால் போயே ஆகவேண்டும் என்று விளையாட்டு கட்டாயப்படுத்துவதில்லை. நீ அன்று ஓட்டமாக ஓடினாய். நான் இன்னும் போகவில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவனைக் குதிரையில் அங்குமிங்கும் ஓட்டிப் பூச்செடி தேடுகிறேன், பிறகு மார்ஸ்டன்களின் பண்ணையான பீச்சர்ஸ் ஹோப்புக்குத் திரும்பி வந்து சேமித்துவிட்டுப் படுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா