களரியில் ஏறப்போகிறேன், அண்ணா

அண்ணா,

அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. வீட்டுக் காரியங்களைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இது வேறு விடயம். சித்திரையில், கச்சான் காற்று எழுமுன், சம்பூர் அம்மன் கோயில் வெளியில் வட்டக்களரி, அதாவது வட்டமான ஆடுகளம், போட்டு, அபிமன்யு விழும் பதின்மூன்றாம் போர்க் கூத்தை ஆடப்போகிறோம். சட்டம் கொடுத்து, யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பங்கிட்டாயிற்று. அபிமன்யுவின் தாய் சுபத்திரை நான்.

"பெண் பிள்ளைகள் ஆடுவதென்றால் திருகோணமலை ரவுணில் ஒரு மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் ஆடட்டும்" என்றீர்கள். பேராசிரியர் வித்தியானந்தன் 1965இல் பேராதனையில் இராவணேசன் கூத்தை மேடையேற்றியதை உதாரணம் காட்டினீர்கள். அந்த வேலையை நானும் மதிக்கிறேன். படித்தவர்களைக் கூத்தின் பக்கம் திரும்ப வைத்தவர் அவர். ஆனால் அந்த மேடைக்கு முன்பக்கம் மட்டுமே உண்டு. நம்முடைய சனம் நாலு பக்கமும் பாய் விரித்து இருக்கும். ஆடுபவர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் திரும்ப எடுப்பது, ஆடுபவர் மூச்சு வாங்கவும் முதுகுப் பக்கம் இருப்பவருக்குச் சொல் போய்ச் சேரவும்தான் என்று அப்பா சொல்வாரே, மறந்துவிட்டீர்களா?

முன்பு சுபத்திரையாக ஆட இருந்த நீங்கள், அடுக்குப் பார்த்தல் என்ற ஒத்திகைக்கு முன் காய்ச்சலில் படுத்த இரவு. சுபத்திரை களரிக்கு வரும்போது பாடும் வரவுத் தருவுக்கு ஆட ஆள் இல்லை. உங்கள் சதங்கையைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். அப்பா கண்ணை மூடி மத்தளம் அடித்துக்கொண்டிருந்தார். தாளம் தீர்ந்த இடத்தில் என் காலும் தீர்ந்தது. "சரி" என்றார். அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தார். "கழற்றி வை" என்றார். அதட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். அவர் குரல் உயரவே இல்லை. நீங்கள் போர்வையோடு கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தீர்கள். ஒரு சொல் சொல்லவில்லை.

மறுநாள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, "வலக்காலை எப்படி வைத்தாய்?" என்று கேட்டீர்கள். காட்டித் தந்தேன். அரங்கேற்றத்தில் அதே காலை வைத்து ஆடினீர்கள். புலம்பலை உங்களைப் போலப் பாட இன்றுவரை ஒருவரும் இல்லை, அதையும் எல்லோர் முன்னும் சொல்கிறேன். ஆனால் அந்தக் கால் என்னுடையது.

2006இல் ஊரை விட்டுப் போனபோது கூத்துக்குக் கட்டும் கரப்புடுப்பும் கிரீட முடிகளும் போய்விட்டன. அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். யார் யாரோ வாசிக்கிறார்கள். இடம்பெயர்ந்து இருந்த கிளிவெட்டி முகாமில் அப்பா தகர வாளியில் தாளம் தட்டிப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினார். பெண் பிள்ளைகளும் அந்த வரிசையில் நின்றார்கள். ஒருத்தியையும் அவர் விலக்கவில்லை. நீங்கள் அப்போது இங்கே இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை, நீங்கள் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. ஆனால் "அப்பா இருந்தால் விட்டிருக்க மாட்டார்" என்று நீங்கள் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த அப்பாவை உங்களுக்குத் தெரியாது.

ஊரிலும் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். நாளைக்கும் கோயிலடியில் முகம் பார்க்க வேண்டியவர்கள்.

உங்கள் சம்மதத்துக்குக் காத்திராமல் சட்டம் கொடுத்ததற்கு மன்னியுங்கள். இன்னொரு முறை கேட்டிருந்தால் இன்னொரு முறை மறுத்திருப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நான் பணிந்துவிடுவேன். அதனால்தான் இதை எழுத்தில் சொல்கிறேன்.

அபிமன்யு விழுந்த பின் வரும் புலம்பல் தருக்கள் நீங்கள் கொண்டுபோன கொப்பியில் இருக்கின்றன. ஏடு பார்த்து அடியெடுத்துக் கொடுத்த பெரியப்பாவுக்கு முதல் இரண்டும் மனப்பாடம். மூன்றாவது பாதியில் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து இந்தக் கிழமைக்குள் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அந்தப் பாதியோடு நிறுத்திவிட்டு அடுத்த வரவுக்குப் போவோம். மிச்சம் எங்கே என்று சனம் கேட்டால், யாரிடம் இருக்கிறது என்று களரியில் நின்றே சொல்வேன்.

உங்கள் தங்கச்சி