மஞ்சக்குப்பம் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பி, தங்கைகளே,

போன வாரம் பேப்பர் படிக்க வந்தபோது உங்கள் பலகையைப் பார்த்தேன். 'நாட்டின் தங்கத்தை அடகு வைத்த பிரதமர் யார்?' கீழேயே விடை: சந்திரசேகர். பக்கத்தில் யாரோ ஒரு சிரிப்பு மூஞ்சி வேறு வரைந்திருந்தீர்கள்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது வருஷம் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். அடகு என்ற சொல்லைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

1991 மே மாதம் வெளியே போனது 20 டன், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தங்கம். பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையோடு அதை ஒரு சுவிஸ் வங்கிக்கு விற்றார்கள். எங்கள் பேரேட்டில் அது அடகுக் கணக்கிலேயே வராது. அசல் அடகு ஜூலையில்தான். ரிசர்வ் வங்கியின் 47 டன், இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் போனது. அப்போது பிரதமர் நரசிம்ம ராவ். பெரிய மூட்டையை ஆள் மாற்றி ஏற்றிவிட்டீர்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் தேவனாம்பட்டினத்து அக்காக்கள் துணி முடிச்சோடு வருவார்கள். வளையலை உரைகல்லில் தேய்க்கும்போது கல்லைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தையே பார்ப்பார்கள். அவர்களில் ஒருவரையும் ஊதாரி என்று நான் நினைத்ததில்லை. சந்திரசேகர் 1990 நவம்பரில் பிரதமராக வந்தபோதே நாட்டின் அந்நியச் செலாவணிப் பானை காலி. குவைத் சண்டையில் எண்ணெய் விலை ஏறிவிட்டது, வெளிநாடு வாழ் இந்தியர்கள் டெபாசிட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொந்த எம்.பி.க்கள் அறுபது சொச்சம், மிச்சமெல்லாம் காங்கிரஸிடம் இரவல். முழு பட்ஜெட் போடக்கூட விடவில்லை. ராஜீவ் வீட்டை ஹரியானா போலீஸ்காரர் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்ற சண்டையில் மார்ச் 6 அன்று ராஜினாமா செய்தார். தங்கம் போனபோது அவர் காபந்து பிரதமர். ஆனாலும் நாடு கடன் தவணை தவறவில்லை.

சரி, அதற்காக அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் மாட்டேன். 1983-ல் கன்னியாகுமரியிலிருந்து டெல்லி ராஜ்காட் வரை நடந்தே போனவர். காங்கிரஸில் இருந்துகொண்டே நெருக்கடி நிலையில் ஜெயிலுக்குப் போனவர். 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் ஆட்சியை இந்திரா கலைத்தபோது அவர் உள்ளேதான் இருந்தார். அதே மனிதர் 1991 ஜனவரி 30 அன்று கலைஞர் ஆட்சியைக் கலைத்தார். புலிகளுக்கு இடம் கொடுத்தார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். மாநில ஆட்சியைக் கலைக்க வழி செய்யும் அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவில், ஆளுநர் அறிக்கை மூலமோ 'வேறு வகையிலோ' என்று ஒரு வார்த்தை உண்டல்லவா, அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரவல் ஆதரவுக்குக் கட்டிய வட்டி அது. என்னால் இன்னமும் அதை மன்னிக்க முடியவில்லை, தங்கத்தைக் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பலகையில் அந்த இரண்டு ஜனவரித் தேதிகளையும் எழுதி, என்ன நடந்தது என்று கேளுங்கள். சிரிப்பு மூஞ்சியை மட்டும் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
கடலூர்