எழுத்தறியாத பெற்றோரும் துணை நிற்கலாம்

ஆசிரியருக்கு,

குடியாத்தம் வட்டாரத்தில் பீடி சுற்றியும் தீப்பெட்டி ஒட்டியும் பிழைக்கும் பெற்றோர் பலர், ‘எங்களுக்கே எழுத்து தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது?’ என்று ஒதுங்கிவிடுகின்றனர். அந்தத் தயக்கம் தேவையற்றது. 25 பீடி கொண்ட கட்டுகளைக் கணக்குப் பார்க்கும் தாய், 4 கட்டு சேர்ந்தால் எத்தனை என்று மகளிடம் கேட்டால் அதுவே பெருக்கலுக்குப் பயிற்சி. பாடநூலை உரக்கப் படிக்கச் சொல்லி அருகில் அமர்ந்து கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. (அந்த அரை மணி நேரம் தொலைக்காட்சியை அணைப்பதுதான் கடினம் என்பது என் வீட்டு அனுபவம்.)

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. ஒருநாள் கூலி போய்விடுமே என்று கூட்டத்துக்கு வராதவர்களுக்காக, அதனை மாலையில் நடத்தத் தலைமையாசிரியர்கள் முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், குடியாத்தம்