முதல் சுற்றுக்குக் கிளம்பும் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். இதை வாட்ஸ்அப்பில் உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் உன்னைப் போலவே சொந்தப் பாட்டை யூடியூபில் போட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பாட ஆசைப்படும் பிள்ளைகள் நம் பக்கத்தில் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி அக்கா உன் முதல் தனிக் கச்சேரிச் சுற்றுப்பயணத்தின் போஸ்டரை அனுப்பினாள். மேலே உன் பெயர் மட்டும், பெரிய எழுத்தில். கீழே தஞ்சாவூர், திருச்சி, மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி, சென்னை. குத்தாலத்துக்குப் பக்கத்தில் நீ முதல்முறை மேடையேறிய திருவிழா நோட்டீஸை அக்கா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். அதில் நீ 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொல்லுக்குள் இருக்கிறாய். இன்றைக்குப் போய் அதை வாங்கி, போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷமாக மைக் செட் கட்டுகிறவன் நான். பாடுகிறவர்களை ஜனங்கள் வெளியிலிருந்து பார்ப்பார்கள்; ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவர்கள் தொண்டை தெரியும். எந்தப் பாட்டில் குரல் களைக்கிறது, எங்கே மூச்சு போதாமல் வரி கடைசியில் தேய்கிறது என்பதெல்லாம் ஹெட்போனில் கேட்டுவிடும்.

மெல்லிசைக் குழுவில் பாடும்போது உனக்கு ஒரு ராத்திரிக்கு ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. ஒன்றைப் பாடிவிட்டு மேடைக்குப் பின்னால் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடிப்பாய். அதற்குள் இன்னொரு பிள்ளை பாடும், மிமிக்ரிக்காரர் கால் மணி நேரம் இழுப்பார். உனக்கே தெரியாமல் தொண்டைக்கு ஓய்வு கிடைத்துக்கொண்டிருந்தது. இனிமேல் அந்த இரண்டு மணி நேரமும் உன் தலையில். ஓய்வை நீயே பாட்டு வரிசைக்குள் எழுதி வைக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

நீ அனுப்பிய வரிசையைப் பார்த்தேன். 18 பாட்டு. முதல் ஐந்தும் உச்சத்தில் நிற்கிற பாட்டுகள். ஆறாவது வரும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

நம் ஊர் நாதஸ்வரக்காரர்களை நினைத்துப் பார். நான் சின்னப் பையனாக இருந்தபோது சாமி புறப்பாட்டுக்குப் பின்னாலேயே நான்கு வீதியும் நடப்பேன். சாமி வெளியே வரும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசிப்பார்கள். அந்தச் சத்தத்தில் தூங்குகிற பிள்ளைகூட எழுந்துவிடும். ஆனால் அதே வேகத்தில் விடிகிற வரைக்கும் யாராவது வாசிக்க முடியுமா? கீழவீதி முனை வந்ததும் பெரியவர் வாத்தியத்தை இறக்குவார். பக்கத்தில் இருக்கும் இளையவர் ராகத்தை வாங்கிக்கொள்வார். அப்புறம் தவில்காரர்கள் இருவரும் மாறி மாறி ஆரம்பிப்பார்கள். கூட்டம் அவர்களைச் சுற்றி நெருங்கும். அந்த நேரத்தில் பெரியவர் என்ன செய்வார் தெரியுமா? வாத்தியத்தில் நூலில் கட்டித் தொங்கும் சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஈரமாக்குவார். நுனியை விரலால் லேசாக அழுத்திப் பார்ப்பார். சரியில்லை என்றால் அடுத்தது. மூன்றாவதோ நான்காவதோ பிடித்துப்போகும். பொருத்திக்கொண்டு, கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் ஒரு ஸ்வரம் பிடிப்பார். ராத்திரி ஒரு மணிக்கு அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும் அந்த ஒலி.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அப்படி வாசிப்பதற்குப் பின்னால் விடாமல் சுருதி கொடுக்கும் ஒத்து இருக்கிறது, தவில் இருக்கிறது, எங்கே நிறுத்தி எங்கே எடுப்பது என்ற கணக்கு இருக்கிறது. உன் பாட்டு வேறு வகை, தெரியும். கீபோர்டும் டிரம்ஸும், பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப்பும்தான் உன் பக்கவாத்தியம். ஆனால் மூச்சு அதே மூச்சுதானே, பாப்பா.

ஐந்தாவது பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் தம்பிக்கு நான்கு நிமிஷம் கொடு. அவன் கை பிரமாதமான கை. தனியாக விட்டால் ஜனங்கள் கொண்டாடுவார்கள். நீ மேடையை விட்டு இறங்கி உட்கார். பத்தாவது பாட்டுக்குப் பிறகு கிடாரோடு மட்டும் இரண்டு மெதுவான பாட்டு வை. உச்சத்தில் நிற்கிற பாட்டில் மூன்றைக் கடைசிக்குத் தள்ளு.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு அப்போது 17 வயது. இன்னொரு பாடகி வரவில்லை என்று அவள் பாட்டையும் உன்னிடமே கொடுத்தார்கள். கமிட்டிக்காரர்கள் ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று விடவில்லை. மிக்ஸரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான் எழுந்து வந்து நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் உனக்குப் பேச்சே வரவில்லை. அக்கா பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் போட்டுக் கொடுத்தாள், நீ ஸ்லேட்டில் எழுதிக் காட்டினாய். அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போதும் மனசு உறுத்துகிறது.

நீ உயிராக நினைக்கும் இங்கிலாந்துப் பாடகி அடேல் கதையையும் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். 2011-ல் சுற்றுப்பயணத்துக்கு நடுவே குரல் நாணில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, மிச்ச நிகழ்ச்சிகளை ரத்து செய்தார். நவம்பரில் பாஸ்டனில் அறுவை சிகிச்சை. 2012 பிப்ரவரியில் கிராமி மேடையில் திரும்பவும் பாடி, அதே இரவில் ஆறு விருது வாங்கினார். திரும்பி வந்ததை எல்லோரும் சொல்வார்கள். நடுவில் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்த நாட்களை நீ நினைத்துக்கொள். தொண்டை கட்டினால் கிசுகிசுவென்றுகூடப் பேசாதே, அதுவும் சிரமம்தான். ஒரு ஊரை ரத்து செய்ய வேண்டி வந்தால் ரத்து செய். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உனக்கு முன்னால் பாட ஒரு புதுப் பிள்ளையைக் கூட்டிக்கொள் என்று நான் சொன்னபோது நீ யோசித்தாய். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2009 ஏப்ரலில், 19 வயதில், இண்டியானாவின் எவன்ஸ்வில் ஊரில் தன் முதல் தனிச் சுற்றைத் தொடங்கினார். அதுவரைக்கும் அவரும் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், பிராட் பெய்ஸ்லி மாதிரி பெரிய பாடகர்களின் கச்சேரிக்கு முன்னால் சில பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்தான். ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம் மேடை கிடைக்கும். ஒலியும் அதற்குள் ஒரு நிதானத்துக்கு வந்துவிடும், நீ பாட வரும்போது ஸ்பீக்கர் கூவாது. ஆனால் நேரம் முக்கியம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஏழரைக்கு நீ ஏறிவிட்டால் ஒன்பதே முக்காலுக்குள் நிதானமாக முடிக்கலாம். எட்டரைக்கு ஏறினால் கடைசிப் பாட்டுகளை விரட்டி விரட்டிப் பாடுவாய். தொண்டை போவது அங்கேதான்.

மானிட்டர் விஷயம், அதாவது மேடையில் உன் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர். உன் குரல் உனக்குக் கேட்கவில்லை என்றால் நீ கத்துவாய். எல்லாரும் கத்துவார்கள், அது இயல்பு. சவுண்ட் செக்கில் வெட்கப்படாமல் "என் குரலை ஏற்றுங்கள், டிரம்ஸைக் குறையுங்கள்" என்று கேள். சவுண்ட் இன்ஜினியர் முகம் சுளித்தாலும் கேள். காலி மைதானத்தில் கேட்கும் ஒலி வேறு, ஜனம் நிறைந்த பிறகு வேறு. அதனால் முதல் பாட்டு முடிந்ததும் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்.

சம்பளம், சாப்பாடு எல்லாம் நீ பார்த்துக்கொள்வாய், குழுவில் இருந்து பட்டவள் நீ. வேன் டிரைவர் அண்ணன் தூங்குவதற்கு மட்டும் ஒரு ரூம் தனியாகப் போடு. கச்சேரி முடிந்த ராத்திரியே வண்டியை எடுக்கவே கூடாது. 11 நாளில் 6 ஊர் என்று போட்டிருக்கிறீர்கள். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் இன்னும் ஒரு நாள் சேர்க்க முடியுமா என்று பார்.

தஞ்சாவூர் நிகழ்ச்சிக்கு முதல் நாள் காலையில் திருவையாற்றுக்கு ஒரு நடை போய்விட்டு வா. தியாகராஜர் சமாதிக்கு எதிரே பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்கார்ந்திருப்பார். பாடிச் சம்பாதித்ததைப் போட்டு அந்த சமாதிக் கோயிலைக் கட்டியவர். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று இருந்த காலத்தில், பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தியவர். 1952-ல் இறந்தார். இன்றைக்குப் பஞ்சரத்ன கீர்த்தனை பாடும் கூட்டத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்த்திருக்கிறாய். அந்த அம்மா முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார். பாட வேண்டாம், அன்றைக்குக் குரலைச் செலவழிக்காதே. அப்படியே படித்துறையில் காவிரியைப் பார்த்துவிட்டு வந்துவிடு.

தஞ்சாவூருக்கு நானும் வருகிறேன். மிக்ஸர் பக்கம் வரமாட்டேன், அந்தத் தம்பி வேலையைப் பார்க்கட்டும். கூட்டத்துக்குக் கடைசியில் நிற்பேன். உன் குரல் அங்கே எப்படி வந்து சேருகிறது என்று கேட்க வேண்டும்.

உன் ஷூர் கம்பெனி மைக்கை இன்றைக்குச் சுத்தம் பண்ணினேன். வலைத்தொப்பியைக் கழற்றி, உள்ளே இருந்த பஞ்சை எடுத்து சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தியிருக்கிறேன். முன்பக்கம் இருந்த நசுங்கலைத் தட்டி எடுக்கப் பார்த்தேன், முழுசாகப் போகவில்லை. அதனால் புதுத் தொப்பி ஒன்றும் வாங்கி, மாற்று ஒயர் இரண்டோடு அதே பையில் வைத்துவிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன், எடுத்துக்கொள்.

அன்புடன்,
மாமா