விட்டுப்போன ஓர் எழுத்து

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

இருபது நாளுக்கு முன்னால், ராத்திரி பதினொன்றரைக்கு நீ ஒரு கேள்வி அனுப்பினாய். உன்னைக் கண்டுகொள்ளாமல் விடுவதைப் பற்றி ஆபீஸில் கொடுக்கப்போகும் கடிதத்தில் எந்த இங்கிலீஷ் சொல்லைப் போடலாம் என்று. "இக்னோர் என்றே போடு, எளிமையாக இருக்கும்" என்று உடனே பதில் போட்டேன். நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வேலை அதிகமாக இருக்கும், தெரியும். அதற்காக இதை எழுதவில்லை. முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் ஒரு வரியில் முடித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இக்னோர் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் 'அறியாமல் இருப்பது' என்றுதான் பொருள். இன்று அது தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதைக் குறிக்கிறது. ஆனால் அதில் பகை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. போன் மணியை இக்னோர் செய்யலாம், தலைவலியையும் செய்யலாம். ஓவர்லுக் இன்னும் மெலிது. பட்டியலில் உன் பெயர் கண்ணில் படாமல் விட்டுப்போனால் அந்தச் சொல். ஒருவர் தப்பைப் பெரிய மனசு பண்ணி விட்டுவிடுவதற்கும் அதே சொல்தான். அதை மட்டும் எழுதிவிடாதே. "தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொல்லித் தப்பிக்க நீயே அவர்களுக்கு வழி விட்டதாக ஆகும்.

ஸ்லைட் வேறு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் 'சிறிய' என்று பொருள். வினையாக வந்தால் ஆளையே சிறியதாக நடத்துவது. எல்லோரையும் பேர் சொல்லி அறிமுகம் செய்துவிட்டு, உன்னிடம் வரும்போது "இவங்களும் நம்ம டீம்தான்" என்று கடந்து போனால் அது ஸ்லைட். பட்டவருக்குத்தான் தெரியும், பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டால் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்பார். ஸ்னப் அப்படி ஒளிந்து நடக்காது. வேண்டுமென்றே, முகத்துக்கு நேரே, பெரும்பாலும் நாலு பேர் பார்க்க நடப்பது. நீ கை நீட்டுகிறாய், அவர் திரும்பிக்கொள்கிறார். பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலச்சொல்லுக்குக் கடிந்து அடக்குவது என்று பொருள். மீட்டிங்கில் நீ பேசும்போது ஒருவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கும் 2012இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சொல் உண்டாக்கினார்கள். போனையும் ஸ்னப்பையும் ஒட்டவைத்து ஃபபிங். கடிதத்தில் அது வேண்டாம், விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்பர்ன் உனக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் காலால் எட்டி உதைப்பது. நாம் கொடுத்ததை ஒருவர் எறிகிறபோது சொல்வது, ஆபீஸ் கடிதத்தில் நாடகம் போலத் தெரியும். ஷன் என்றால் ஆளை ஒதுக்கிவைப்பது. ஒரு தடவையோடு முடியாது, நாள்கணக்கில் போகும், கூட்டமாகவும் செய்வார்கள். சாப்பிடும் நேரத்தில் உன் மேஜைக்கு யாரும் வருவதில்லையா? அப்படியிருந்தால் அந்தச் சொல்தான் சரி. அப்படியா இருக்கிறது, பாப்பா?

எதுவானாலும் முதலில் நடந்ததை எழுது. தேதி போடு, யார் இருந்தார்கள் என்று எழுது. சொல்லைக் கடைசியில் தேடிக்கொள்ளலாம். நேரத்துக்குச் சாப்பிடு. நடந்ததை முதலில் எழுது, தேதி போட மறக்காதே. உன் எழுத்தில் குறை சொல்ல முடியாது. உன் தம்பி இன்னும் எதற்கெடுத்தாலும் உன்னிடம்தானே காட்டுகிறான். ஆனால் உனக்கு ஒன்று என்றால் வாயே திறக்கமாட்டாய். பெரியப்பா விஷயத்தில் கூட எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் இவள் இப்படி அடக்கிவைக்கிறாள் என்று அம்மாவிடம் நான் கோபப்பட்டதும் உண்டு.

நெக்லெக்ட் என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்தேன். முன்பின் தெரியாதவர் உன்னை ஸ்னப் செய்யலாம், இக்னோர் செய்யலாம். நெக்லெக்ட் செய்ய முடியாது. கவனிக்கும் பொறுப்பு யாருக்கு இருக்கிறதோ அவர்தான் அதைச் செய்ய முடியும். லத்தீனில் அது 'எடுக்காமல் விடுவது'. அந்த 'எடுப்பது' என்ற வினைக்கே இன்னொரு பொருள் உண்டு, படிப்பது.

நீ விடுதியைக் காலி செய்தபோது கொண்டுவந்து போட்ட பெட்டியை நேற்று இறக்கினேன். அதில் நீ சேர்ந்த இரண்டாம் மாதம் எனக்கு எழுதிய கடிதம் இருந்தது. பழக்கம் வரட்டும் என்று உன்னை இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தேனே, அது. அறையில் இருந்த பெண்கள் உன்னை எல்லோர் முன்னாலும் ஸ்னப் செய்தார்கள், சாப்பிடப் பிடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வரமுடியுமா என்று கேட்டிருக்கிறாய். ஸ்னப்டு என்பதில் ஒரு 'பி' விட்டுப்போயிருந்தது. நான் சிவப்பு மையில் அந்த எழுத்தைப் போட்டிருக்கிறேன். மொத்தம் ஆறு திருத்தம். கீழே, "பிழைகள் குறைந்திருக்கின்றன, மகிழ்ச்சி" என்று எழுதி உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

அதற்கப்புறம் நீ எழுதிய கடிதங்களும் அதே பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில்கூடப் பிழை இல்லை. கூட வேலை பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். ஒவ்வொன்றும் நாலே வரி என்பதை நேற்றுத்தான் பார்த்தேன்.

இருபது நாளுக்கு முன்னால் நீ கேட்டபோதும் நான் சொல்லைத்தான் பார்த்தேன். மன்னித்துக்கொள். போன் தலைமாட்டில் இருக்கிறது, எந்த நேரமானாலும் கூப்பிடு. இல்லை, எழுதத்தான் வரும் என்றால் எழுது, எப்படி வருகிறதோ அப்படி.

அந்தப் பெண்கள் உன்னை என்ன செய்தார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டாயா?

அப்பா