எம்டன் மாதிரி கட்டுவோர் கவனத்துக்கு

ஐயா,

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை மாதிரிக் கப்பலாகக் கட்ட ஆசைப்படும் மாணவர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள். நல்ல ஆசை. 118 மீட்டர் கப்பல் 1:350 அளவில் சுமார் 34 செ.மீ. வரும், படிப்பு மேசையே போதும்.

பலரும் தவறுவது நிறத்தில். வெள்ளை, அமைதிக்காலத்துக்கு உரியது. சென்னைக்கு வந்த எம்டன் சாம்பல் நிறம். புகைபோக்கி மூன்றுதான், பினாங்குத் தாக்குதலின்போது இருந்த நாலாவது, துணியால் கட்டிய பொய்ப் புகைபோக்கி.

பிளாஸ்டிக் பாகங்களை, அவை கோத்து வரும் சட்டத்திலிருந்து வெட்டும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வார்ப்பு அச்சில் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் உரிந்துவிடும். வட்டச் சன்னல்களை 0.8 மி.மீ. பிட்டால் கையாலேயே திருகித் துளையிடுங்கள். மின் ட்ரில்லின் சூட்டில் பிளாஸ்டிக் உருகி ஓரம் பிசிறடிக்கும். பித்தளைக் கைப்பிடிக் கம்பிகளைக் கடைசியில் ஒட்டுவதே சரி. முதலிலேயே ஒட்டினால், மேல்தளத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது கை பட்டு நசுங்கும்.

சித்திரை வெயிலில் நண்பகலில் ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் பரப்பைத் தொடுமுன்னே காய்ந்து, மாவு தூவியதுபோல் சொரசொரக்கும். விடியற்காலையில் அடியுங்கள். ஏற்காட்டில் சிக்கல் நேர்மாறு: மூடுபனி ஈரத்தில் லாக்கர் வகைப் பெயின்ட் பால்போல் வெளுக்கும், உடனடிப் பசையும் வெண்படலம் பூக்கும். அங்கே வெயில் ஏறிய பிறகே பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டும்.

இத்தகைய செய்முறைக் குறிப்புகளுக்குத் தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் கால் பத்தியாவது ஒதுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மாதிரிக் கப்பல் ஆர்வலர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.