அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்

திருநெல்வேலி,
நவம்பர் 2024

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நல்லா இருக்கிறேன். நீ நல்லா இருக்கிறாயா?

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்குப் போடுகிறேன். தீபாவளிக்கு முந்தி வீட்டு விலாசத்துக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. மிளகாய்ப்பொடி கெடவில்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளம்தான் பாதி நொறுங்கிவிட்டது, நொறுங்கியதை வறுத்துக் குழம்பில் போட்டுக்கொண்டேன். பார்சல் மேலே என்ன எழுதியிருந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீயும் அதற்குப் பதில் சொல்ல வேண்டாம். பொடியை எங்கே அனுப்பட்டும் என்று மட்டும் சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் "சாப்பிட்டேம்மா" என்கிறாய். அடுத்ததைக் கேட்பதற்குள் "வைக்கட்டுமா" என்கிறாய். காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஓடாதே. உனக்குச் சின்ன வயசிலிருந்தே பசி பொறுக்காது, தலைவலி வந்துவிடும். தம்பி உன் படம் ஒன்றைக் காட்டினான், ஆபீஸில் ஏதோ பரிசு வாங்குகிற படம். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எதிர்வீட்டு ஆச்சியிடமும் காட்டினேன். ஆனால் கழுத்து எலும்பு தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

சரி, சேதியைச் சொல்கிறேன். அப்பா பென்ஷனுக்கு வருஷா வருஷம் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும் இல்லையா? அதற்குச் செவ்வாய்க்கிழமை பேங்குக்குப் போனேன். பத்து மணிக்குப் போனவளை உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் சர்வர் இல்லை. அப்புறம் கைரேகை விழவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். வெளியே வரும்போது மணி மூன்றரை. காலையில் சுகர் மாத்திரை போட்டிருந்தேன், மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை. ஈரடுக்குப் பாலத்துப் பக்கம் வந்தபோது கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பயப்படாதே, இப்போது ஒன்றும் இல்லை. எதிரே அப்பா வழக்கமாகப் போன அண்ணாச்சி கடை திறந்திருந்தது. உள்ளே போய்விட்டேன்.

இந்த ஊருக்கு மருமகளாக வந்து 36 வருஷம் ஆகிறது. அந்தக் கடை இட்லியைக் கணக்கில்லாமல் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அப்பா ராத்திரி டூட்டி முடிந்து வரும்போது தூக்குவாளியில் சாம்பாரும் வாழையிலையில் இட்லியுமாக வாங்கி வருவார், அவ்வளவுதான். ரயில்வேக்காரர்களும் லாரிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் உட்கார்கிற இடம். உன்னை ஏழு வயசில் அப்பா கூட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார வைத்தபோது உன் ஆச்சி இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. பொம்பளைப் பிள்ளையைக் கடைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பழக்குகிறானே என்று. நானும் அன்றைக்கு ஆச்சி பக்கம்தான் பேசினேன். நம் வீட்டில் முதன்முதலாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண் நீதான். இரண்டாவது ஆள் நான், இந்தச் செவ்வாய்க்கிழமை.

கடை அப்படியேதான் இருக்கிறது. போர்டு கிடையாது. 1973-ல் பாலம் திறந்தபோதே கடை இருந்தது என்று அப்பா சொல்வார். தோசைக்கல்லைப் பார்த்தபடி அதே நீளமான கடப்பாக் கல், அதற்கு முன்னால் கால் ஆடுகிற அதே பெஞ்சு. ஆறு பேருக்கு மேல் உட்கார முடியாது. போன வருஷ வெள்ளத்தில் கடப்பாக் கல் முழுகி அதற்கு மேலேயும் தண்ணீர் நின்றதாம், சுவரில் கோடு இன்னும் தெரிகிறது. எனக்கு உள்ளே கால் வைக்கவே கூச்சம். ஆனால் உட்கார்ந்த பிறகு ஒன்று புரிந்தது. அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லாரும் தோசைக்கல்லைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருத்தர் இருந்தார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார், தன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார், எழுந்து போனார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் "மதினி, உள்ள வாங்க" என்று துண்டால் பெஞ்சைத் தட்டினார். என்ன வேண்டும் என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாதே. என் முகத்தைப் பார்த்தவர் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் சீனியைக் கலக்கிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் இலைத் துண்டைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். துணி விரித்து அவித்த இட்லி. துணியின் நூல் தடம் இட்லி மேலே அப்படியே இருந்தது. நான் குழித்தட்டில் எண்ணெய் தடவி ஊற்றுகிறேனே, அதில் இந்த மென்மை வராது. நாலுக்கு ஒன்று உளுந்து, ஒரு கை வெந்தயம், நானும் அதேதான் போடுகிறேன். ஆனால் உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க ஆட்டுகிற பொறுமை எனக்கு இப்போது இல்லை. மிளகாய்ப்பொடியைக் குவித்து, நடுவில் விரலால் குழி பறித்து, நல்லெண்ணெய் ஊற்றினார். எள்ளு வறுத்த வாசம். தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்து ஈர்க்கு விளக்குமாற்றால் இழுக்கிற அந்த 'சுர்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

எனக்கு ஒருத்தர் இலை போட்டு, போதுமா என்று பார்த்துப் பரிமாறி எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று நினைத்துப் பார்த்தேன். கல்யாணப் பந்தியைச் சொல்லவில்லை. தனியாக எனக்கென்று. உன் கல்யாணத்து மறுவீட்டுச் சொதிகூட நான் சாப்பிடும்போது சட்டியின் அடியில் கிடந்ததுதான்.

மூன்றாவது இட்லி வைக்கும்போது அண்ணாச்சி, "பாப்பா எப்படி இருக்கு?" என்றார். நல்லா இருக்கிறாள் என்றேன். பரிசு வாங்கினதைச் சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். அப்புறம் அவராகவே சொன்னார்.

"போன மாசியில வந்துச்சுல்லா. ரயிலுக்கு முந்தி இங்கதான் இருந்துச்சு. பெட்டியைப் பெஞ்சுக்குக் கீழ வச்சுக்கிட்டு, 'அம்மா உளுந்தஞ்சோறு வச்சு வயிறு முட்டப் போட்டுட்டாங்க சித்தப்பா, ஒண்ணும் வேண்டாம், ஒரு காபி மட்டும் குடுங்க'ன்னுச்சு. நான் கேட்காம ரெண்டு இட்லி வச்சேன். சாப்பிட்டுச்சு. இன்னும் ரெண்டு வச்சேன், அதையும் சாப்பிட்டுச்சு. ஒரு தோசையும் போட்டேன். 'அம்மா அவ்வளவு போட்டும் உங்க இட்லியை விட முடியல'ன்னுச்சு. அவங்க அப்பா மாதிரியேதான் மதினி."

அவர் சிரித்துக்கொண்டே தோசையைத் திருப்பினார். எனக்கு இலையில் இருந்தது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

மகளே, நீ மதுரையில் பஸ் ஏறிவிட்டேன் என்று போன் பண்ணியதும் தொலி உளுந்தை வறுத்தேன். தேங்காய் துருவிப் போட்டு உளுந்தஞ்சோறு வைத்தேன். எள்ளுத் துவையல் அரைத்தேன். அதெல்லாம் நிஜம். அதில் ஒரு வாய் உனக்குப் போடவில்லை என்பதும் நிஜம். வாசலில் உன்னையும் அந்தப் பெட்டியையும் பார்த்தேன். நீ இரண்டு வார்த்தை சொல்வதற்குள் ஜன்னலைச் சாத்தினேன். நீ அழுதுகொண்டிருந்தாய், நான் எதிர்வீட்டுத் திண்ணையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை இல்லாத வீடு எது என்றேன். தம்பிக்குப் பெண் பார்க்கிற நேரம் என்றேன். சுத்தமல்லி சித்திக்கு நடந்ததை நினைத்துக்கொள் என்றேன். மாப்பிள்ளை போனில் என்னிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசுவார் தெரியுமா என்றுகூடச் சொன்னேன். பொழுது இறங்கிய பிறகு ஆட்டோவைப் பின்தெருவுக்கு வரச் சொன்னேன். நீ ஏறும்போது "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றேன்.

சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. மத்தியானம் வந்தவளைச் சாயங்காலம் வரை உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். அடுக்களையிலிருந்து உளுந்து வாசம் வீடு முழுக்க வந்திருக்கும். உனக்கும் வந்திருக்கும். நீயாக ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பாய், அது உன் வீடு என்று நான் விட்டிருந்தால். அந்தச் சோறு அப்படியே இருந்தது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் மூன்று வேளையும் நானே சாப்பிட்டேன். யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.

நீ அதில் ஒரு வார்த்தை வெளியே விடாமல், அம்மா வயிறு முட்டப் போட்டாள் என்று சொல்லி, பசியோடு நாலு இட்லியும் ஒரு தோசையும் சாப்பிட்டுவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறியிருக்கிறாய்.

எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர் 17 ராத்திரி மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, அப்போது இங்கே கரண்டும் இல்லை போனும் இல்லை. நீ பதறிப்போய் எத்தனை பேருக்குப் போன் பண்ணினாய் என்று தம்பி அப்புறம் சொன்னான். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்று சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் வெள்ளம். புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு, முன்பின் தெரியாத ஜனங்களுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். போன் வந்ததும் உன்னிடம் அதைத்தான் எத்தனை தடவை சொன்னேன்! நம்ம பக்கத்து ஜனங்கள் வாசலுக்கு வந்தவரைப் பட்டினியாக அனுப்பமாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அதைச் சொல்லி முழுசாக இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது, நீ வந்தபோது.

உன் மேலும் எனக்கு வருத்தம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ கோபப்பட்டிருக்கலாம். அந்த வாரமே போனில் கத்தியிருக்கலாம். ஒன்பது மாசமாக "நல்லா இருக்கேம்மா" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாய். நீ எங்கே தூங்குகிறாய், யார் சமைக்கிறார்கள் என்று தெரியாமல் நான் மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பளம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பாய். அவர் உன்னை நேராக அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் முதலில் சாப்பிட வைத்திருப்பார். அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்டிருப்பார்.

நீ இப்போது இருக்கிற இடத்துப் பக்கத்தில் இந்த மாதிரிக் கடை ஏதாவது இருக்கிறதா? போனில் சொல்லி டப்பாவில் வருகிறதையே தினமும் தின்னாதே. அது கொண்டு வரும்போதே ஆறிப்போகும். ஒருத்தர் கல்லின் முன்னால் நின்று, உன் முகத்தைப் பார்த்துப் போடுகிற இடமாகப் பார்த்துச் சாப்பிடு. தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்படாதே. அதை நான்தான் உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். ராத்திரி ஒரு கை தயிர்ச் சோறாவது சாப்பிட்டுவிட்டுப் படு. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பிக்குப் பார்த்த கடையம் இடம் சரிப்படவில்லை. நல்லதுதான். வீட்டில் அக்கா எங்கே என்று கேட்டார்கள், நான் பதில் சொல்வதற்குள் தம்பியே பேசிவிட்டான். அவன் என்ன சொன்னான் என்பதை நீ வரும்போது அவனே சொல்லட்டும். கிணற்றடி முருங்கை மழையில் சாய்ந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

அண்ணாச்சி என்னிடம் காசு வாங்கவில்லை. நான் கல்லாவில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் போகலாம் என்று இருக்கிறேன்.

பொங்கலுக்கு வருவாயா? பொங்கல் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், எப்போது தோன்றினாலும் வா. ரிட்டர்ன் டிக்கெட் போடாதே. பெட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கொண்டு வா. பகலில் வா. ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்தாமல் வாசல் வரைக்கும் வரச் சொல்லு. தொலி உளுந்து இரண்டு கிலோ வாங்கி வெயிலில் காய வைத்து எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா

பொடியை எங்கே அனுப்பட்டும் என்று சொல்லு. ஆபீஸுக்கே அனுப்பட்டுமா?